ரயிலைவிட்டு இறங்க மறுத்த தங்கள் தங்கை குறித்து

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், வீட்டில் அக்காவும், பேரப்பிள்ளைகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். தங்கள் தங்கை நலமா என்பதைத் தாங்கள்தான் விசாரித்து எனக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து இருக்கிற ஒரே போன் அவள் கைப்பையில் போய்விட்டது. தவிரவும், போனில் நான் ஆரம்பித்தால் யாராவது குறுக்கே பேசி என் நியாயத்தைப் பாதியில் கவிழ்த்துவிடுகிறார்கள். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இந்த விடுதியின் வரவேற்பறையில் இருக்கும் பெண் இதைப் படம் பிடித்துத் தங்கள் பேரன் போனுக்கு அனுப்புவதாகச் சைகையில் ஒப்புக்கொண்டிருக்கிறாள். எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று தாங்கள் தலைமையாசிரியர் கண்ணால் பார்க்க வேண்டாம். தாங்கள் படித்தது பள்ளிக்கூடத்தில். நான் எழுத்துக் கூட்டிப் படித்தது கடைப் பலகைகளில். அங்கே எழுத்து இந்த அளவில்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். முந்தாநாள் இங்கே ரயில் நின்றபோது நான் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தங்கள் தங்கை இறங்கவில்லை. தூங்கிவிட்டாள் என்றோ, கூட்டத்தில் சிக்கிக்கொண்டாள் என்றோ நினைக்க வேண்டாம். நன்றாக விழித்துக்கொண்டு, ஜன்னலோரம் வசதியாக உட்கார்ந்துகொண்டு, இறங்கவில்லை. தாங்கள் தங்கைப் பாசத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு மேற்கொண்டு படிக்க வேண்டும்.

என்னைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்த லாரியில் ஏறி உட்கார்ந்து, வாயாலேயே சத்தம் கொடுத்து, கியர் மாற்றப் பழகினவன் நான். சொந்தமாக லாரி வாங்கின புதிதில் உதவிக்கு ஆள் வைக்க வசதியில்லாமல் தங்கள் தங்கையையே கூட்டிக்கொண்டு போனேன். தாங்கள்கூட அப்போது, "என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது குடும்பம் நடத்தவா, கிளீனர் வேலைக்கா?" என்று கேட்டீர்கள். நான் மறக்கவில்லை. ஆனால் அவள் நல்ல உதவியாள். குறுகலான சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கீழே இறங்கி நின்று, பக்கவாட்டில் தட்டி, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம், ஹோல்டு" என்று அவள் சொன்னால் கண்ணாடியைக்கூட நான் பார்க்கத் தேவையில்லை. அந்தத் தொழிலில் நான் கடைப்பிடித்தது ஒரே விதி. லோடு இறங்கியதும் தார்ப்பாயை மடி, வண்டியைத் திருப்பு. இறக்கின இடத்தைத் தாண்டி ஒரு தெருகூடப் போகக் கூடாது. தாண்டினால் டீசல் வீண், டயர் வீண், ஆயுசு வீண். நான் இத்தனை வருஷம் கடனில்லாமல் நிற்பது அந்த விதியால்தான்.

இப்போது இந்தப் பயணத்துக்கு வருகிறேன். நாங்கள் கடல் தாண்டி வந்தது மகளின் புது வீட்டைப் பார்க்க. பார்த்தோம். எந்தக் குழாயில் சுடுதண்ணீர், எந்த அலமாரியில் பாத்திரம், எந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் என்பது வரை காட்டினாள். சமையலறை அலமாரிக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. கீலைக் கழற்றி நேராக்கிப் பொருத்தினேன். மாப்பிள்ளை கைதட்டினார். அதோடு வந்த வேலை முடிந்தது. என் கணக்குப்படி லோடு இறங்கிவிட்டது. ஆனால் மகள் ஒரு உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். உள்ளே டிக்கெட்டுகள். முதலில் விமானம், அப்புறம் பஸ், அப்புறம் ரயில், அதற்கப்புறம் மறுபடி ஒரு பஸ். அந்தப் பஸ் போய் நிற்கிற ஊரோடு இந்தத் தேசம் முடிந்துவிடுகிறதாம். அதற்கு மேல் கடல்தானாம்.

"அங்க என்ன வேலைம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு வேலையும் இல்லப்பா. அம்மாவோட சும்மா போயிட்டு வாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

மச்சான், சும்மா போவது என்றால் எப்படிப் போவது என்று எனக்கு இந்த வயதுவரை யாரும் சொன்னதில்லை. தங்கள் தங்கையோ அதற்குள் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் உறை வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. தாயும் மகளும் சேர்ந்து செய்த சதி இது. இதில் தங்கள் பங்கும் இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம். கிளம்பும் முன் தாங்கள் அவளிடம் தனியாக வெகுநேரம் பேசினீர்கள்.

விமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டுகிறவர் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறார். ஆள் யார், கண் விழித்திருக்கிறாரா, எதுவும் தெரிவதில்லை. நான் எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டலாம் என்று கிளம்புவதற்குள் சீருடைப் பெண்கள் இருவர் வந்து என்னைப் பூவைப்போலத் தாங்கி இடத்தில் உட்காரவைத்தார்கள். இறங்கும்போது வண்டி போகிற வேகத்துக்குத் தரை பக்கத்தில் வந்துவிட்டது. என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் முன்னால் இருந்தவரின் இருக்கை இருந்தது. அவர் திரும்பி முறைத்தார். தங்கள் தங்கை பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் சிரித்துவிட்டார். பாஷை தெரியாத ஊரில் அவள் மிட்டாயாலேயே காரியம் நடத்துகிறாள். நான் நியாயம் பேசுகிறேன். எனக்கு யாரும் சிரிப்பதில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து நான் எங்கும் போனதே இல்லை. போனபோதெல்லாம் என் முன்னால் ஸ்டீயரிங் இருந்தது. விமானத்திலும் பஸ்ஸிலும் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கைப்பிடியில் வைத்தேன், நிலைக்கவில்லை. முன் இருக்கையைப் பிடித்தேன், அதில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். தங்கள் தங்கை கவனித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னாள்: "மடியில வைங்க. எல்லாரும் அங்கதான் வச்சிருக்காங்க." வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் பக்கவாட்டில் பார்த்தேன். அவள் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியில் வந்த காலத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் வேலை. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

பஸ் பயணத்தில் நடந்ததை அவள் ஒருவேளை ஏற்கெனவே தங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம். ஒரு ஊரில் டீ குடிக்க நிறுத்தியிருந்தார்கள். திரும்பக் கிளம்பும்போது முன்னால் வேறொரு வண்டி மறித்து நின்றதால் ஓட்டுநர் பஸ்ஸைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தார். பின்பக்கம் ஒரு விளக்குக் கம்பம், ஒரு குப்பைத் தொட்டி, வரிசையாகச் சைக்கிள்கள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி இடது பக்கம் பலமாகத் தட்டி, "வரலாம், வரலாம்" என்றேன். அதே சமயம் வலது பக்கமும் தட்டுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் தங்கள் தங்கை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையை உயர்த்திக்கொண்டு, "இன்னும் வரலாம், இன்னும் வரலாம், ஹோல்டு" என்று அந்தப் பழைய குரலில் கத்துகிறாள். நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. அந்த ஓட்டுநருக்கோ யாரோ சக்கரத்தில் அடிபட்டுவிட்டார்கள் என்று பயம். முகம் வெளுத்து இறங்கி வந்து பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பயணிகளும் இறங்கிக் குனிந்து பார்த்தார்கள். ஒரு காவலர் வந்தார், அவரும் குனிந்தார். தங்கள் தங்கை மிட்டாய்ப் பையைத் திறந்தாள். எல்லாருக்கும் புரிய வைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மறுபடி ஏறி உட்கார்ந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "குப்பைத் தொட்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு கை இடந்தாங்க இருந்துது. சரியா நிறுத்தினேன் பாருங்க," என்றாள். சரியாகத்தான் நிறுத்தினாள். அந்த நாள் நன்றாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நன்றாக இருப்பது வேறு, நியாயம் வேறு. ரயிலில் ஏறியதும் நான் யோசித்தேன். பார்த்த ஊர் போதும். இந்த ஜங்ஷனில் இறங்கினால் விமான நிலையத்துக்கு நேராக வண்டி இருக்கிறது. மகளிடம் சொல்லித் தேதியை மாற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். அவளிடம் சொன்னேன்.

"இன்னும் ஒரு பஸ்தாங்க. கடைசி ஊர் வந்துடும்," என்றாள்.

"அங்க பார்க்க என்ன இருக்கு?"

"தெரியாது. அதுக்குத்தான் போறது."

"ஒண்ணும் இருக்காது. கடல் இருக்கும். கடல் நம்ம பக்கமும் இருக்கு."

"நம்ம பக்கத்துக் கடலையும் நீங்க காட்டலையே. உப்பு ஏத்தத்தானே போவோம். ஏத்தினதும் திரும்பிடுவீங்க. காத்து மட்டும் வரும்."

"உப்பு நனையறதுக்குள்ள கொண்டு சேர்க்க வேண்டாமா?"

"சேர்த்தீங்க. நான் இல்லேன்னு சொல்லலை. இப்ப எந்த உப்பு நனையுது?"

"லோடு இல்லாம ஓடக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப என்னை லோடுன்னு நினைச்சுக்குங்க. கடைசி ஊர்ல இறக்க வேண்டிய லோடு."

எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பாஷை புரியாவிட்டாலும் யார் பக்கம் ஜெயிக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் வந்தது. வண்டி நின்றது. "நான் இறங்கறேன்," என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இங்கே தாங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியிலிருந்தும் முதலில் இறங்குவது நான். பின்னால் வருவது அவள். நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது. பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. அன்றும் பார்க்காமல் நடந்தேன். மாடிப்படி வந்ததும் கை மாற்றிக்கொள்ளப் பெட்டிகளைக் கீழே வைத்தேன். அப்போதுதான் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. அவள் ஜன்னலில் இருந்தாள். வா என்று கையைக் காட்டினேன். அவளும் கையைக் காட்டினாள். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் காட்டுவாளே, உள்ளங்கையைத் தன் பக்கமாகத் திருப்பி, மெதுவாக, விடாமல், வரலாம் வரலாம் என்று, அந்தக் கை. எவ்வளவோ சந்துகளில் அந்தக் கையை நம்பி வந்திருக்கிறேன். அன்று நான் நகரவில்லை. கதவுகள் மூடிக்கொண்டன. வண்டி போயிற்று. பிளாட்பாரத்தில் ஒரு ஆள் நீளத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே வந்து என் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனார்.

மகளின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி என் சட்டைப் பையில் தங்கள் தங்கை முன்பே வைத்திருந்தாள். ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிற இந்த விடுதியில் அதைக் காட்டினேன். வரவேற்பறைப் பெண் மகளைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். மகள் சொன்னாள்: "அப்பா, அம்மா பத்திரமா இருக்காங்க. எங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியணும்னா நீங்களே அம்மாகிட்ட பேசுங்க." பேசமாட்டேன் என்றேன். "அப்ப ரூம்ல இருங்க," என்றாள். இப்படித்தான் இந்த அறைக்கு வந்தேன். நான் பெற்ற பிள்ளை என்னைப் பூட்டாத அறையில் சிறை வைத்திருக்கிறாள்.

அறை சுத்தமாக இருக்கிறது. இரண்டு கட்டில்கள். ஒன்றில் நான் படுக்கிறேன், இன்னொன்றில் அவள் பெட்டி இருக்கிறது. பெட்டியை நான் திறக்கவில்லை. ஆனால் கம்பளிச் சட்டை அதில்தான் இருக்கிறது என்பது தெரியும், ஏனென்றால் ரயிலில் வெயில் அடிக்கிறது என்று கழற்றி என் எதிரில்தான் உள்ளே வைத்தாள். அந்தக் கடைசி ஊரில் காற்று பலமாக இருக்குமாம். கீழே சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவர் ஒவ்வொரு வேளையும் என் எதிரில் இன்னொரு தட்டும் வைக்கிறார். வேண்டாம் என்று கையாட்டினால் புன்னகைத்துவிட்டு, வீட்டம்மா வரக் கொஞ்சம் நேரமாகும் போலிருக்கிறது என்பதுபோலத் தலையசைக்கிறார். நான் ரொட்டியைத் தின்றுவிட்டு வாசலில் வந்து நிற்கிறேன். குப்பை லாரி சந்துக்குள் பின்பக்கமாக வருகிறது. நானாக ஒன்றும் தட்டுவதில்லை. நின்று பார்ப்பதோடு சரி.

இன்னொரு சின்ன விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் தனியாகவே ஊர் வந்து சேர்வேன் என்று மகளிடம் போனில் உறுதியாகச் சொல்லியிருந்தேன். சேர்ந்திருப்பேன். என் பாஸ்போர்ட் தங்கள் தங்கை கைப்பையில் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே கொடுத்தது.

நேற்று சும்மா உட்கார்ந்திருந்ததில் ஒன்று தோன்றியது. ஊருக்குப் போக வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேனே, போய் என்ன செய்யப் போகிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். லாரியை விற்றாகிவிட்டது. அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. அதையும் தங்கள் தங்கை தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்கிவிட்டாள். எனக்காக எந்த லோடும் எங்கேயும் காத்திருக்கவில்லை. வண்டியோடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், ஜாக்கி, கயிறு, தார்ப்பாய் எல்லாம். திரும்ப வேண்டும் என்கிற அவசரத்தை மட்டும் யாரும் வாங்கவில்லை. அது என்னிடமே தங்கிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் மனிதனுக்கு ஏதாவது ஒரு அவசரம் இருக்கத்தான் வேண்டும். அது இல்லாதவர்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. அவள் எழுந்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்து எதையோ பார்க்கிறாள், அதுவே அவளுக்குப் போதுமாக இருக்கிறது. ஒருவேளை எனக்குத்தான் அந்தப் பழக்கம் வரவில்லையோ என்னவோ. அதற்காக நான் சொன்னது தப்பாகிவிடாது.

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது: தாங்கள் அண்ணன் என்ற உரிமையில் அவளுக்குப் போன் செய்து, உடனே கிளம்பி இந்த விடுதிக்கு வந்து சேரும்படி கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தாங்கள் பிரம்பு எடுக்காமலே பள்ளிக்கூடத்தை அடக்கியவர். அந்தக் குரலில் சொன்னால் அவள் கேட்பாள்; என் குரலுக்கு அவள் பழகிவிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் வந்து அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அவள் பிடிவாதம் நாளுக்கு நாள் அதிகமாகிறது. இது அவள் பிறந்த வீட்டுக் குணம் என்று நான் சொல்லமாட்டேன், தாங்கள் வருத்தப்படுவீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடாமல் கொடுக்கச் சொல்லவும். பேரன் பேத்திகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து, தாத்தாவைவிட நல்ல கையெழுத்தோடு வர என் ஆசிகள்.

தங்கள் சொல்லுக்கு இன்றுவரை மறுப்புச் சொல்லாத,
தங்கை கணவன்.

பி.கு.: இதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரவேற்பறைப் பெண் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து அனுப்பியும் விட்டாள். ஆகவே கிழித்துப் போட வழியில்லாமல் இந்தப் பக்கத்தைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். இதைத்தான் தாங்கள் முதலில் படிக்க வேண்டும்.

அனுப்பி முடித்ததும் போன் அடித்தது; அந்தப் பெண் எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள். லைனில் தங்கள் தங்கை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு. அந்தக் கடைசி ஊர் எப்படி இருக்கு?"

"போகலைங்க. ரயில் முடியற ஊர்லயே இருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லதான் ரூம்."

"ஏன் போகலை?"

"தெரியலை. பஸ் வருது, நிக்குது, போகுது. ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டே இருந்தேன். ஏறத் தோணலை." பின்னால் ஒரு பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள்: "போதுங்க. பார்த்தது போதும். இன்னைக்கே கிளம்பி அங்க வந்துடறேன். ஊருக்குப் போயிடலாம்."

நான் எதைக் கேட்டேனோ அதை அவளே சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மச்சான், அந்தப் "போதும்" எனக்குத் தெரியும். சட்டியில் ஒரு ஆளுக்குத்தான் சோறு மிச்சம் இருக்கிறது என்றால் அவள் அந்தக் குரலில்தான் போதும் என்பாள். நான் "ம்" என்றேன். வைத்துவிட்டாள்.

ஆகவே முந்தைய பக்கங்களில் கேட்டபடி எதுவும் செய்ய வேண்டாம். தாங்கள் இப்போதே அவளைக் கூப்பிட்டு, அந்த ஊரைவிட்டு ஓரடி நகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மதிய ரயிலில் நான் அங்கே போகிறேன். பரிமாறுகிறவர் பெட்டிகளை ஸ்டேஷன்வரை தூக்கிவர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவளும் கிளம்பிவிட்டால் இரண்டு பேரும் எதிரெதிர் வண்டிகளில் ஒருவரையொருவர் தாண்டிப் போய்க்கொண்டிருப்போம். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். நானே அவளிடம் சொல்லலாம்தான். ஆனால் போகக் கூடாது என்று சொன்ன வாய் இது. தாங்களே என்னைக் கூப்பிட்டு, "மரியாதையா என் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு அந்தக் கடைசி ஊருக்குப் போங்க" என்று உத்தரவு போட்டதாக இருக்கட்டும். மூத்தவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று நான் கிளம்பினேன். அப்படித்தான் நடந்தது என்று அவளிடம் சொல்லுங்கள்.

அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகமே இல்லை. அதை அவள் பக்கத்தில் நின்று, சாவகாசமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.